முதல் ஏரோப்ளேன் எது வாங்கலாம்? - 1871-லிருந்து ஒரு பதில்

"ரிமோட்ல பறக்குற ஏரோப்ளேன் ஒண்ணு வாங்கணும். பேட்டரில ஓடுறது. முதல் தடவை. எது நல்லது?"

நான் வார இறுதியில் குட்டி விமானம் விடுகிற ஆசாமி என்று தெரிந்த எல்லாரும் ஒரு தடவையாவது கேட்கிற கேள்வி இது. கேட்பவர்களில் பாதிப் பேர் மனசுக்குள் ஏற்கெனவே ஒரு படத்தை மாட்டி வைத்திருப்பார்கள். ஸ்பிட்ஃபயர், மிராஜ், எஃப்-16... இப்படி ஏதாவது. "ஆமாம்ப்பா, அதையே வாங்கிக்கோ"ன்னு நான் ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. சொல்ல மாட்டேன். :-)

'இந்த மாடல், இந்த விலை' என்று பட்டியல் போடலாம்தான். ஆனால் ஆறு மாசத்தில் அந்தப் பட்டியல் பழசாகிவிடும். அதனால் வேற வழியில் போகிறேன். இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், எதை வாங்கணும் என்பதற்கான பதில் அதிலேயே இருக்கிறது. அந்தப் பதில் பழசாகவே ஆகாது. கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸில் ஆணி அதிகம் உள்ளவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம். ஆனால் சுவாரஸ்யம் எல்லாம் நடுவில்தான் இருக்கு, சொல்லிட்டேன்.

பாரீஸில் 11 விநாடி

1871, ஆகஸ்ட் 18. பாரீஸ் நகரத்தின் துய்லரி தோட்டம். அல்ஃபோன்ஸ் பெனோ என்று ஒருவர். வயசு 21. இடுப்பு மூட்டில் நோய், அதனால் ஆசைப்பட்ட கடற்படையில் சேர முடியவில்லை. விமான ஆராய்ச்சிக் கழகத்து ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள். மனுஷர் கையில் ஒரு பொம்மை. அரை மீட்டர் நீளம், 45 செ.மீ. இறக்கை, மொத்த எடை 16 கிராம். உள்ளே முறுக்கிய ரப்பர். விட்டார். ரப்பர் முறுக்கு அவிழ, விசிறி சுற்ற, பொம்மை 11 விநாடியில் சுமார் 40 மீட்டர் பறந்து அழகாகத் தரையிறங்கியது.

இதில் என்ன பெருசு? பறந்ததை விடவும், யாரும் ஓட்டாமலே நேராகப் பறந்ததுதான் பெருசு. அதற்கு அவர் செய்தது இரண்டே காரியம்.

ஒன்று, இறக்கையின் நுனிகளை மேல் நோக்கித் தூக்கி விட்டார். முன்னால் நின்று பார்த்தால் ரொம்ப விரிந்த 'வி' மாதிரி இருக்கும். காற்று ஒரு பக்கம் சாய்த்தால் விமானம் அந்தப் பக்கமாக வழுக்கும். அப்போது தாழ்ந்த இறக்கைக்குக் கூடுதல் தூக்கு விசை கிடைக்கும். தானாகவே நிமிர்ந்துவிடும்.

இரண்டு, பின்னால் ஒரு சின்ன வால், கொஞ்சம் கீழ் நோக்கி அழுத்துகிற மாதிரி. மூக்கு குப்புற இறங்கினால் வேகம் கூடும். வேகம் கூடினால் வால் இன்னும் பலமாகக் கீழே அழுத்தும், மூக்கு மேலே வரும். மூக்கு ரொம்பத் தூக்கினால் வேகம் குறையும், வாலின் அழுத்தமும் குறையும், மூக்கு இறங்கும். நம்ம ஊர் தலையாட்டி பொம்மை மாதிரி. எப்படித் தள்ளினாலும் திரும்பி நிமிர்ந்து உட்காரும்.

இந்த இரண்டும் இன்று வரைக்கும் ஆரம்பநிலை விமானங்களில் அப்படியே இருக்கிறது. 150 வருஷத்துக்கு மேல் ஆச்சு!

பெனோவின் கதை நல்லபடி முடியவில்லை. 1876-ல் ஆள் ஏறிப் போகிற இரட்டை இருக்கை விமானத்துக்குக் காப்புரிமை வாங்கினார். தண்ணீரிலும் இறங்கக்கூடியது. பணம் போட ஆள் கிடைக்கவில்லை. 1880 அக்டோபரில் தன் வரைபடங்களை எல்லாம் சவப்பெட்டி மாதிரி ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து, ஆகாயக் கப்பல் செய்த ஆன்ரி ஜிஃபார்டிடம் சேர்த்துவிட்டு, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 30.

அண்ணன் தம்பி கதை - 1

பெனோவின் பொம்மை பறந்த மறுநாள், அதாவது 1871 ஆகஸ்ட் 19, அமெரிக்காவில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் ஓர்வில் ரைட். நான் கதை விடவில்லை, தேதியைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

1878-ல் அவங்க அப்பா மில்டன் ரைட் ஊரிலிருந்து வரும்போது பையன்களுக்கு ஒரு பொம்மை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், ரப்பர் பேண்ட். கையை விட்டால் கூரைக்கு எகிறும் ஹெலிகாப்டர் பொம்மை. வடிவமைத்தது யார்? அதே பெனோ! பையன்கள் அது உடைகிற வரை விளையாடிவிட்டு, தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். பெருசாகச் செய்யச் செய்ய ஒழுங்காகப் பறக்க மாட்டேன் என்றது. அளவை இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்ற கணக்கு அந்த வயசில் அவங்களுக்குத் தெரியாது. இந்த 'எட்டு மடங்கு' விஷயத்தை மனசில் வையுங்கள், பின்னாடி பேட்டரி வரும்போது தேவைப்படும்.

1903 டிசம்பர் 17. ரைட் சகோதரர்களின் முதல் பறப்பு. 12 விநாடி, 120 அடி. மீட்டரில் சொன்னால் சுமார் 36.5. பெனோவின் 16 கிராம் பொம்மை 11 விநாடி, 40 மீட்டர். பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தமாஷாக இருக்கும்.

ஆனால் ரைட் விமானத்தில் ஒரு முக்கியமான வித்தியாசம். அது தலையாட்டி பொம்மை இல்லை. இறக்கை நுனிகளைக் கீழ் நோக்கி வளைத்திருந்தார்கள். தானாக நிமிராது. விநாடிக்கு விநாடி ஓட்டுகிறவர் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள் இல்லையா? சைக்கிளும் அப்படித்தானே, ஓட்டத் தெரிந்தவனுக்குத்தான் நிற்கும். காற்று தள்ளுகிற பக்கமெல்லாம் போகாமல் நாம் சொன்ன பேச்சைக் கேட்கிற விமானம் வேண்டும் என்று தெரிந்தேதான் அப்படிச் செய்தார்கள்.

சரி, அப்படிப்பட்ட முரட்டுக் குதிரையை அவர்கள் எப்படி ஓட்டினார்கள்? இங்கேதான் நமக்குப் பாடம். 1903 ஃபிளையர் அவர்களுடைய முதல் விமானமே கிடையாது. 1899-ல் ஒரு பட்டம். 1900, 1901, 1902-ல் மோட்டார் இல்லாத கிளைடர்கள். 1902-ல் மட்டும் மணல் குன்றிலிருந்து 700 முதல் 1000 தடவை வரை சறுக்கிப் பழகியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மோட்டார்.

ஆக, ரெண்டு வகை விமானம். பெனோ வகை: கையை எடுத்தால் தானாக நிமிரும். ரைட் வகை: ஓட்டுகிறவன் தயவில்தான் நிமிரும். நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட எஃப்-16 ரைட் வகை. 1000 தடவை சறுக்கிப் பழகியிருந்தால் தாராளமாக வாங்கலாம். :-)

அண்ணன் தம்பி கதை - 2

அடுத்து ரேடியோ. 1937, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊர். வால்டர் குட், வில்லியம் குட் என்று இரட்டைப் பிள்ளைகள். (இந்தக் கதை முழுக்க அண்ணன் தம்பிகளாகவே வருவார்கள், நான் என்ன செய்ய?) வால்டருக்கு விமானம் செய்வதில் கிறுக்கு, வில்லியமுக்கு ரேடியோவில். எட்டடி இறக்கை வைத்த 'கஃப்' என்ற விமானத்தை ரேடியோவில் ஓட்டிக் காட்டினார்கள். அந்த விமானம் பின்னாளில் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது.

அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகு கொஞ்ச காலத்துக்கும், 'ரேடியோ கன்ட்ரோல்' என்றால் பலருக்கும் ஒரே ஒரு பட்டன்தான். அழுத்தினால் சுக்கான் ஒரு பக்கம் முழுசாகத் திரும்பும். விட்டால் நடுவுக்கு வரும். மறுபடி அழுத்தினால் அடுத்த பக்கம். சுக்கானைத் திருப்ப விசை கொடுப்பதும் ஒரு முறுக்கிய ரப்பர் பேண்டுதான். கொஞ்சமாகத் திருப்புவது கிடையாது. போன தடவை எந்தப் பக்கம் திருப்பினோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஞாபக மறதிக்காரன் காலி.

இப்படி ஒரு மொண்ணைக் கருவியை வைத்துக்கொண்டு எப்படிப் பறந்தது? விமானம் பெனோ வகை என்பதால்தான். பட்டனை விட்டால் அது பாட்டுக்கு நிமிர்ந்து நேராகப் போகும். ஓட்டுகிறவர் அவ்வப்போது லேசாகத் திசையை மாற்றிவிடுவார், அவ்வளவே. ஓட்டுகிற வேலையில் பெரும்பகுதியை விமானமே பார்த்துக்கொண்டது.

கர்னல் வைத்த பேட்டரி

இதுவரை சொன்ன ரேடியோ விமானத்தில் எல்லாம் பெட்ரோலோ டீசலோ குடிக்கும் எஞ்சின். சத்தம், புகை, எண்ணெய்ப் பிசுக்கு. மின்சாரத்துக்கு மாறினால் என்ன? 1957 ஜூன் 30-ல் இங்கிலாந்தில் கர்னல் டாப்லின் என்பவர் 'ரேடியோ குயீன்' என்ற மாடலில் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின் மோட்டாரும் வெள்ளி-துத்தநாக பேட்டரியும் வைத்துப் பறக்கவிட்டார். ரேடியோவில் கட்டுப்படுத்திய மின் விமானம் என்று பதிவாகியிருப்பதில் அதுதான் முதல். வெள்ளி பேட்டரி என்றால் விலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதுவும் கொஞ்ச தடவை சார்ஜ் செய்தால் ஆயுசு முடிந்துவிடும்.

அதே வருஷம் அக்டோபரில், ஸ்புட்னிக் மேலே போன அதே மாசம், ஜெர்மனியில் ஃப்ரெட் மிலிட்கி என்ற பொறியாளர் ரேடியோ இல்லாத ஒரு மின் விமானத்தைப் பறக்கவிட்டார். கிராப்னர் என்ற மாடல் கம்பெனியில் வேலை. மனுஷர் விடாக்கண்டர். 1960-ல் 'சைலன்ஷியஸ்' என்ற பெயரில் கடையில் வாங்கக்கூடிய மின் விமான கிட்டைக் கொண்டுவந்தார். பெயரிலேயே சைலன்ஸ்! சின்ன மோட்டார், அதற்குப் பல்சக்கரம், பெரிய மெதுவான விசிறி, கிளைடர் மாதிரி நீண்ட இறக்கை.

ஏன் கிளைடர் மாதிரி? வேற வழியில்லை. பெட்ரோல் ஒரு கிலோவில் அடங்குகிற சக்திக்குப் பக்கத்தில் அன்றைய பேட்டரி வரவே முடியாது. போதாக்குறைக்கு, பெட்ரோல் தீரத் தீர எடை குறையும். பேட்டரி தீர்ந்தாலும் அதே எடைதான். சும்மா சுமந்துகொண்டு வரணும். ஆக, குறைந்த சக்தியில் மேலே ஏறி, மோட்டாரை அணைத்துவிட்டு மிதந்து வருகிற விமானம்தான் பேட்டரிக்குக் கட்டுப்படியாகும். லேசாக இருக்கணும், மெதுவாகப் பறக்கணும், தானாக நிமிரணும். அதாவது, பழகுகிறவனுக்கு என்னவெல்லாம் வேணுமோ அதெல்லாம் பேட்டரியின் பலவீனத்தாலேயே அமைந்துவிட்டது.

இந்த வரியைக் கொஞ்சம் நின்று படியுங்கள். இந்தப் பதிவே இதைச் சொல்லத்தான்.

மிலிட்கி பொம்மையோடு நிற்கவில்லை. 1973 அக்டோபர் 21-ல் ஆஸ்திரியாவில் அவருடைய யோசனைப்படி மாற்றிய மோட்டார் கிளைடரில் ஹைனோ பிரடிட்ச்கா ஏறி, நிக்கல்-காட்மியம் பேட்டரியில் சில நிமிடங்கள் பறந்தார். மின்சாரத்தில் ஒரு மனிதன் விமானம் ஓட்டியது அதுதான் முதல் தடவை. பொம்மைக்காரர் போட்ட விதை.

அதே காலத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ராபர்ட் பவுச்சர், ரோலண்ட் பவுச்சர் (ஆமாம், சகோதரர்களேதான்) ஆஸ்ட்ரோ ஃபிளைட் என்ற பெயரில் மாடல் விமானத்துக்கு மின் மோட்டார் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1974 நவம்பர் 4-ல் அவர்கள் செய்த 'சன்ரைஸ்' காய்ந்த ஏரிப் படுகையிலிருந்து முழுக்க சூரிய ஒளியில் பறந்தது. 32 அடி இறக்கை, ஆளில்லா விமானம். 1981 ஜூலை 7-ல் பால் மக்கிரெடியின் 'சோலார் சாலஞ்சர்' ஒரு விமானியைச் சுமந்துகொண்டு பிரான்ஸிலிருந்து இங்கிலாந்து போய் இறங்கியது. 262 கிலோமீட்டர், வெறும் வெயிலில். அதற்கு மோட்டார் கொடுத்தது இதே ஆஸ்ட்ரோ ஃபிளைட்தான். இனிமேல் யாராவது "இந்த வயசுல பொம்மையா?"ன்னு கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

செங்கல்லும் பறக்கும்

பிறகு இரண்டு மாற்றங்கள் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன.

முதலாவது பேட்டரி. 1991-ல் சோனி லித்தியம் அயன் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது. கேமரா, லேப்டாப், செல்போன் எல்லாம் அதைத் தின்று வளர, 2000-களின் தொடக்கத்தில் அதன் தம்பி லித்தியம் பாலிமர், நம்ம ஆட்கள் செல்லமாகச் சொல்லும் 'லிப்போ', மாடல் விமானத்துக்கு வந்து சேர்ந்தது. கணக்கைப் பாருங்கள். பழைய நிக்கல்-காட்மியம் 7 செல் பேக், 8.4 வோல்ட், 1700 மில்லி ஆம்பியர் மணி: எடை சுமார் 380 கிராம். லிப்போ 3 செல் பேக், 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர் மணி: எடை 190 கிராமுக்குப் பக்கம். பாதி எடையில் ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மூன்று மடங்குக்கு மேல்!

இரண்டாவது மோட்டார். பழைய மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே இருக்கும். தேயும், சூடாகும், சக்தியைத் தின்னும். பிரஷ் இல்லாத மோட்டார் முன்பே இருந்தாலும் விலை கையைக் கடிக்கும். இங்கேயும் பொழுதுபோக்குக்காரர்கள்தான் புகுந்தார்கள். கெட்டுப்போன சிடி டிரைவைப் பிரித்து, உள்ளே தட்டைச் சுற்றுகிற குட்டி மோட்டாரை எடுத்து, கம்பியை மாற்றிச் சுற்றி, பலமான காந்தம் ஒட்டி விமானத்தில் வைத்தார்கள். பறந்தது! அதே அமைப்பில், வெளிக்கூடு சுற்றுகிற மோட்டார்களை சீனத் தொழிற்சாலைகள் மலிவாக அடித்துத் தள்ள ஆரம்பித்தன.

கூடவே இன்னொரு நிம்மதி. அப்போதெல்லாம் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஒரு அலைவரிசை, அதற்கு ஒரு கிரிஸ்டல். மைதானத்தில் ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஸ்விட்ச் போட்டால் ஒருத்தர் விமானம் காலி. அதனால் அலைவரிசை எண் எழுதிய துணி கிளிப்பைப் பலகையிலிருந்து எடுத்தவர் மட்டும்தான் ரிமோட்டைப் போடலாம் என்று சட்டம். 2005-ல் ஸ்பெக்ட்ரம் கம்பெனி 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டை இந்தப் பொழுதுபோக்குக்குக் கொண்டுவந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக கிளிப்புக்கு வேலை போய்விட்டது.

ரைட் பையன்களைத் தடுத்த அந்த 'எட்டு மடங்கு' சுவர் இப்போது இடிந்தாச்சு. மோட்டாரும் லிப்போவும் சேர்ந்தால் செங்கல்லைக்கூடப் பறக்க வைக்கலாம். பறக்கும், ஆனால் செங்கல் மாதிரிதான் பறக்கும். வேகத்தை விட்டால் விழும்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். மெதுவான, லேசான, தானாக நிமிருகிற விமானத்தைத் தவிர வேறெதுவும் பேட்டரியில் சரியாகப் பறக்காது என்றிருந்த காலத்தில், புதுசாக வருபவன் எதை வாங்கினாலும் ஏறக்குறைய சரியானதையே வாங்கினான். இப்போது எல்லாமே பறக்கிறது. அதனால் எல்லாமே விற்கிறது. முன்பு பேட்டரி செய்துகொடுத்த தேர்வை இப்போது வாங்குகிறவனே செய்ய வேண்டும்.

என் அக்கா பையன், ஒன்பதாம் வகுப்பு. ரெண்டு வருஷத்துப் பொங்கல் காசு, தீபாவளிக் காசு, தாத்தா கொடுத்தது எல்லாம் சேர்த்து வைத்துவிட்டு ஒரு போர் விமானத்தின் படத்தைக் காட்டினான். சின்ன இறக்கை, கனமான உடம்பு, மணிக்கு எண்பது கிலோமீட்டர் போகுமாம். எனக்குப் பயம் காசைப் பற்றி இல்லை. முதல் விமானம் முதல் காலையிலேயே மூன்றாவது விநாடியில் மண்ணைக் குத்தினால், பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கே அன்றைக்கே முடிந்துபோகிறது. உடைந்ததை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் வைத்துவிட்டு, 'நமக்கு இதெல்லாம் சரிவராது'ன்னு முடிவு கட்டிவிடுகிறார்கள். கைத்திறமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, விமானம் தப்பு. ஒரு பதினாலு வயசுப் பையன் அந்த முடிவுக்கு வருவது எனக்குப் பிடிக்கவில்லை. மேலே எழுதிய கதையைத்தான் அவனுக்கும் சொன்னேன்.

சரி, என்னதான் வாங்குவது?

விமானத்தின் பெயரை விடுங்கள். படத்தைப் பார்த்து இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. இறக்கை உடம்புக்கு மேலே இருக்கிறதா? நுனிகள் மேல் நோக்கித் தூக்கியிருக்கிறதா? (பெனோ!) எடை கீழே தொங்கினால் இன்னும் நிதானம்.

2. எடையை இறக்கைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். ஒன்று, ஒன்றரை மீட்டர் இறக்கை உள்ள விமானத்துக்கு ஒரு சதுர டெசிமீட்டருக்கு 30 கிராமை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருந்தால் நல்லது. இந்த எண் இரண்டு மடங்கானால், விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 1.4 மடங்காகும். அந்த வேகத்தில் நமக்கு யோசிக்க நேரம் கிடைக்காது.

3. உடம்பு எதில் செய்தது? பால்ஸா மரம் அழகு, ஆனால் விழுந்தால் ஒரு வாரம் ஒட்டணும். ஈ.பி.பி., ஈ.பி.ஓ. மாதிரி நெகிழும் ஃபோம் வேண்டும். பார்க்கத் தெர்மாகோல் மாதிரி இருக்கும், ஆனால் அப்படிப் பொடிப்பொடியாக உதிராது. மைதானத்திலேயே பசை போட்டு, கால் மணி நேரத்தில் மறுபடி விடலாம்.

4. விசிறி எங்கே? மூக்கில் இருந்தால் விழும்போது அதுதான் முதலில் அடிவாங்கும். 2000-களின் முற்பகுதியில் ஜெர்மனியின் மல்டிபிளெக்ஸ் கம்பெனி கொண்டுவந்த 'ஈசிஸ்டார்' இதற்கு ஒரு நல்ல வழி காட்டியது. விசிறி இறக்கைக்குப் பின்னால், உயரத்தில். முட்டுவது ஃபோம் மூக்கு மட்டும்தான். 1.4 மீட்டருக்குச் சற்றே குறைந்த இறக்கை, 700 கிராமுக்குள் எடை, மோட்டாரை அணைத்தால் கிளைடர். மிலிட்கியின் பேரன் என்றே சொல்லலாம். அதே அச்சில் பல கம்பெனிகள் பிறகு விமானம் விட்டுவிட்டன. எதை வாங்கினாலும் அந்த உருவத்தை மனசில் வையுங்கள்.

5. எத்தனை சேனல்? மூன்று போதும்: மோட்டார் வேகம், சுக்கான், மேலே கீழே போக எலிவேட்டர். இறக்கையில் இருக்கும் எய்லரானுக்கான நாலாவது சேனல் அடுத்த விமானத்துக்கு.

இப்போது ஆரம்பநிலை விமானங்களிலேயே ஜைரோ வைத்து விற்கிறார்கள். குச்சியை விட்டால் எலக்ட்ரானிக்ஸ் நிமிர்த்திவிடும். பெனோவின் வேலையைச் சில்லு செய்கிறது. நல்ல விஷயம்தான், குறிப்பாகக் காற்று அடிக்கும் ஊர்களில். ஆனால் ஜைரோ இருக்கிறது என்ற தைரியத்தில் செங்கல்லை வாங்காதீர்கள். ஜைரோவால் இறக்கையை நிமிர்த்த முடியும், இல்லாத வேகத்தைக் கொடுக்க முடியாது.

வாங்கின பிறகு

முதலில் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர். சில மணி நேரமாவது. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும், இது எல்லாரையும் கவிழ்க்கும். ஒரு எளிய வழி: நம்மை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள். சாய்கிற பந்தலுக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி.

காற்றில்லாத விடிகாலை, பெரிய வெட்டவெளி. காற்றை எதிர்த்து, மட்டமாகக் கையிலிருந்து விடுங்கள், வானத்தைப் பார்த்து எறியாதீர்கள். சீக்கிரம் உயரம் எடுங்கள். தப்பு பண்ணி, திருத்தி, மறுபடி தப்பு பண்ணுகிற அளவுக்கு உயரம் கையில் இருக்கணும். குழம்பினால் மோட்டாரைக் குறைத்து, குச்சியை விட்டுவிடுங்கள். பெனோ வகை என்றால் அதுவே நிமிரும். விழப்போகிறது என்று தெரிந்தால் முதல் வேலை மோட்டாரை அணைப்பது.

லிப்போவிடம் மரியாதை வேண்டும். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. அதற்கென்றே இருக்கும் பேலன்ஸ் சார்ஜரில் மட்டும் சார்ஜ் போடுங்கள். போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். சும்மா வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள். உப்பிப்போன, அடிபட்ட பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். வெளிநாட்டிலிருந்து வாங்கி வருபவர்கள் தனி பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

விதிமுறையையும் பாருங்கள். இந்தியாவில் 2021-ல் டிரோன் விதிகள் வந்தன. வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வரைபடம் இருக்கிறது. விமான நிலையம் பக்கம் போகவே போகாதீர்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் 250 கிராமுக்கு மேல் என்றால் பதிவு செய்ய வேண்டும். மற்ற நாட்டு மக்கள் அங்கங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், பக்கத்தில் யாராவது விமானம் விடுகிறார்களா என்று தேடிப் பாருங்கள். பழகினவர் ஒருத்தர் பக்கத்தில் நின்றால் பாதி விபத்து நடக்காது.

பி.கு: காசு சேரும் வரை சும்மா இருக்க வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுங்கள். ஒரு இறக்கை, பின்னால் ஒரு சின்ன வால், நடுவில் விளக்குமாற்றுக் குச்சி. மூக்கில் ஒரு பேப்பர் கிளிப். இறக்கையைத் தட்டையாக வைத்து ஒரு தடவை விடுங்கள். அப்புறம் நுனி இரண்டையும் லேசாக மேலே தூக்கி, வாலின் பின் ஓரத்தை ஒரு மயிரிழை மேல் நோக்கி மடித்து, மறுபடி விடுங்கள். இரண்டாவது தடவை அது எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு வந்து பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.